நாலு மணி சாக்லேட்டும் நாலு டம்ளர் டீயும்

கேள்வி:

மேடம், எனக்கு வயது 44. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால் அடுத்த சாப்பாடு வீட்டுக்குப் போய் ராத்திரி ஒன்பதரைக்குத்தான். நடுவில் நாலு டீ வரும், அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணி ஆனால் மட்டும் கால் தானாக எதிர்க்கடைக்குப் போகிறது. தினமும் ஒரு பத்து ரூபாய் சாக்லேட். போன மாதம் டெஸ்ட் எடுத்ததில் மூன்று மாத சர்க்கரை 5.9, ஹீமோகுளோபின் 9.8. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஸ்வீட்டைக் குறைக்கச் சொன்னார். காலேஜ் போகும் மகள், "டார்க் சாக்லேட் சாப்பிடும்மா, ஹார்ட்டுக்கு நல்லது, அதுல இரும்பும் இருக்கு" என்று 85 சதவீதம் போட்ட ஒன்றை வாங்கி வந்தாள். வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர், பர்மா பஜாரில் சுகர் ஃப்ரீ சாக்லேட் கிடைக்கும், வாங்கி வரட்டுமா என்கிறார். எதை வாங்குவது? தினமும் சாப்பிடலாமா? இன்னொன்று, கடையில் ஃப்ரிட்ஜ் இல்லை. வைத்த சாக்லேட் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. அதைச் சாப்பிடலாமா, தூக்கிப் போட வேண்டுமா?

– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தினமும் சாப்பிடலாம். அளவு 10 கிராம். விவரத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு வரியில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது: "நடுவில் நாலு டீ வரும், அவ்வளவுதான்."

நானும் பக்கத்துத் தண்டையார்பேட்டைக்காரிதான். நம் பக்கத்து டீக்கடை டம்ளர் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் மாஸ்டர் 2 ஸ்பூன் போடுவார். கை தாராளமாக இருந்தால் அதற்கும் மேலே. ஒரு ஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். நாலு டீக்கு 8 ஸ்பூன் என்றால் 32 முதல் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 ஸ்பூனுக்குள் நின்றால் உடம்புக்கு நல்லது. உங்கள் டீ மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. பத்து ரூபாய் மில்க் சாக்லேட்டில் பாதிக்குப் பாதி சர்க்கரை என்று வைத்தாலும் ஒன்றரை ஸ்பூன் வருமா? நீங்கள் பிடித்து வைத்திருப்பது சில்லறைத் திருடனை. பெரியவன் டம்ளரில் உட்கார்ந்து ஆற்றிக்கொண்டிருக்கிறான்.

அதனால் முதல் வேலை டீ மாஸ்டரிடம். "எனக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூன்தான்" என்று சொல்லுங்கள். இரண்டு வாரம் சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். அப்புறம் அரை ஸ்பூனாக்குங்கள். நாலு டீயை இரண்டாக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இரும்பு பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இரண்டாவது, நாலு மணிக்கு உங்களுக்கு வருவது சாக்லேட் ஆசை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது பசி என்றுதான் தோன்றுகிறது. பன்னிரண்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே ஒன்பது மணி நேரம். மிஷின் மிதித்துக்கொண்டு, வாடிக்கையாளர் நச்சரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒன்பது மணி நேரம் டீயில் ஓட்டினால் எந்த உடம்பும் இனிப்பைக் கேட்கத்தான் செய்யும். காலையில் கிளம்பும்போதே ஒரு சின்ன டப்பாவில் சுண்டல், வேக வைத்த வேர்க்கடலை, இரண்டு அவித்த முட்டை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். நாலு மணிக்கு முதலில் அது, அதன் பிறகு சாக்லேட். வெறும் வயிற்றில் ஒரு முழுச் சாக்லேட் கேட்கிற அதே ஆள், கொண்டைக்கடலை சாப்பிட்ட பிறகு ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வதை என் கிளினிக்கில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது சாக்லேட்டுக்கு வருவோம். மகள் சொன்னதில் பாதி சரி. கோகோ கொட்டையில் ஃப்ளேவனால் என்ற சத்து இருக்கிறது. ரத்தக் குழாய் நன்றாக விரிந்து கொடுக்க அது உதவும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராகப் போட்டிருப்பார்கள். ஒருமுறை அங்கே பழத்தை உடைத்துக் கொடுத்தார்கள். மேலே சீத்தாப்பழம் போல வெள்ளைச் சதை, இனிப்பும் புளிப்புமாக நன்றாகவே இருந்தது. ஆசைப்பட்டு உள்ளே இருந்த கொட்டையையும் கடித்துவிட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வாய் முழுக்கத் துவர்ப்பு, பாக்கு மென்ற மாதிரி. அந்தத் துவர்ப்பில்தான் ஃப்ளேவனால் இருக்கிறது. அதைப் புளிக்க வைத்து, காய வைத்து, வறுத்து, அரைத்துத்தான் சாக்லேட் ஆக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகும். ஆல்கலி என்ற காரப்பொருள் சேர்த்துக் கசப்பைக் குறைத்த கோகோ தூளாக இருந்தால் நிறையவே போய்விடும். ஆக, உறையில் 70, 85 என்று போட்டிருப்பது கோகோ எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். ஃப்ளேவனால் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லாது.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல், நாளுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃப்ளேவனால் ரத்தக் குழாயின் நெகிழ்வைக் காக்க உதவும் என்று ஏற்றுக்கொண்டது. ஃப்ளேவனால் குறையாமல் தயாரித்த டார்க் சாக்லேட் என்றால் அதற்கு 10 கிராமே போதும் என்றும் சொன்னது. கடையில் இருக்கும் எல்லா டார்க் சாக்லேட்டும் அந்த ரகமல்ல. பிறகு அமெரிக்காவில் 21,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சாக்லேட் கொடுக்கவில்லை, 500 மில்லிகிராம் ஃப்ளேவனாலை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்த மொத்தக் கணக்கில் திட்டவட்டமான குறைவு தெரியவில்லை. இதய நோயால் ஏற்படும் மரணம் மட்டும் குறைந்திருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒரு சாக்லேட் நிறுவனமும் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "நல்லது" என்ற சொல் காதில் விழுந்ததும் நாம் அளவை மறந்துவிடுகிறோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரம்பூர்க்காரர் என்னிடம் வருவார். ஸ்வீட் பக்கமே போகாத மனிதர். நாலு மாதத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தார். கேட்டால், "டார்க் சாக்லேட் மட்டும்தாம்மா, ஹார்ட்டுக்காக, ரெண்டு நாளைக்கு ஒரு பார்" என்றார். 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள 100 கிராம் சாக்லேட்டில் ஏறக்குறைய 600 கலோரி. கொழுப்பே 40 கிராமுக்கு மேல். அவர் அதை மருந்து என்று நினைத்துச் சாப்பிட்டார். பலகாரம் என்று நினைத்திருந்தால் ஒரு துண்டோடு கை நின்றிருக்கும். நீங்கள் பலகாரமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஒரு அதிரசம் எடுக்கும்போது "இது எந்த உறுப்புக்கு நல்லது" என்றா கேட்கிறோம்?

சரி, எதை வாங்குவது? எதிர்க்கடையில் இரண்டு சாக்லேட் வாங்கி, இரண்டு உறையையும் கட்டிங் மேஜை மேல் பிரித்து வையுங்கள். எழுத்துப் பொடிப்பொடியாக, ஆங்கிலத்தில் இருக்கும். மகளைப் படிக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் "இன்கிரீடியன்ட்ஸ்" என்று ஒரு பட்டியல் வரும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும், அதுதான் விதி. மில்க் சாக்லேட் என்றால் முதல் பெயர் அநேகமாகச் சர்க்கரை. அதன் பிறகு பால் திடப்பொருள், கோகோ பட்டர், கோகோ. இனிப்பு அதிகம், ஆனாலும் சாக்லேட். இன்னொரு உறையில் சர்க்கரைக்கு அடுத்து "வெஜிடபிள் ஃபேட்", "ஹைட்ரோஜினேட்டட்", "பாம் கர்னல்" என்று வந்து, கோகோ பட்டர் என்ற பெயரே காணோம் என்றால் அது காம்பவுண்ட் என்று பேக்கரிக்காரர்கள் சொல்கிற சரக்கு. கோகோ தூளும் தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்துச் செய்தது. கேக் மேலும் ஐஸ்கிரீம் மேலும் மினுமினுவென்று பூசியிருப்பது பெரும்பாலும் இதுதான். பெயரில் "சாக்லேட்" என்று முழுதாகப் போடாமல் "சாக்கோ" என்று நிறுத்தியிருந்தால் உறையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

உறை கிழிந்து போனாலும் நாக்கு சொல்லும். கோகோ பட்டர் 34 டிகிரி சுற்றி உருகும், நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் தானாகக் கரைந்து போய்விடும். காம்பவுண்டு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், வெந்நீர் குடித்தால்தான் போகும். முன்பு இந்தக் கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் ஃபேட் பெரிய தொல்லையாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். நிலைமை தேறியிருக்கிறது. அதற்காகத் தினமும் காம்பவுண்டு வேண்டாம். கேக் வெட்டும் நாளில் வந்தால் வரட்டும்.

டார்க் என்று பெரிதாகப் போட்டு, உள்ளே முதல் பெயர் சர்க்கரையாக இருக்கும் சரக்கும் உண்டு. சதவீதத்தைப் பாருங்கள். கணக்கு எளிது: டார்க் சாக்லேட்டில் கோகோ போக மிச்சம் பெரும்பாலும் சர்க்கரைதான். 70 சதவீதம் என்றால் 10 கிராம் துண்டில் சர்க்கரை 3 கிராம், முக்கால் ஸ்பூனுக்கு மேல் போகாது. 50 சதவீதம் என்றால் 5 கிராம். 85-க்கு ஒன்றரை கிராம். 70-க்கும் 85-க்கும் வித்தியாசம் ஒன்றரை கிராம் சர்க்கரை என்றால், அதற்காக வேப்பங்கொழுந்து எதற்கு? பிடிக்காமல் சாப்பிட்டால் மனசு நிறையாது, அதைச் சாப்பிட்டு முடித்த கையோடு எதிர்க்கடைக்குப் போவீர்கள். 50, 55-இல் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்து 60, முடிந்தால் 70. அங்கே நின்றுவிடலாம். மகள் வாங்கி வந்த 85-ஐ வீணாக்க வேண்டாம். துருவி, சர்க்கரை போடாத பாலில் ஒரு வாழைப்பழத்தோடு அடித்துக் குடியுங்கள்.

அளவு சொல்லித் தருவதற்கு உங்களிடம் எனக்கு வாயில்லை, துணியை அளந்து வெட்டுகிற கை உங்களுடையது. உறையில் மொத்த எடையைப் பாருங்கள், கட்டங்களை எண்ணுங்கள், வகுங்கள். 100 கிராமில் 20 கட்டம் என்றால் உங்களுக்கு 2. மீதியை உடனே மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும். மேஜை மேலே கிடந்தால் கத்தரிக்கோல் எடுக்கப் போகும் கை அதையும் எடுக்கும். விலை கூடுதலாகத் தெரிந்தாலும் பத்து நாளைக்கு வரும் என்று வகுத்துப் பாருங்கள். உலகத்தின் கோகோவில் ஏறக்குறைய பாதி ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாட்டிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் படுத்து 2024-இல் டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. விலை ஏறும்போது எடையும் குறையும், உள்ளே போடும் சரக்கும் மாறும். வழக்கமாக வாங்குவதுதானே என்று விட்டுவிடாமல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உறையைத் திருப்புங்கள்.

சுகர் ஃப்ரீ விஷயத்தில் என் சொந்தக் கதை ஒன்று. வெளியூர்ப் பயணத்தில் மத்தியானச் சாப்பாடு தவறிப்போய், சர்க்கரை இல்லை என்று போட்டிருந்த ஒரு சாக்லேட்டை முக்கால்வாசி தின்றேன். உணவியல் படித்தவள், உறையைப் படித்துவிட்டுத் தின்றிருக்க வேண்டும். படிக்கவில்லை. அன்று ராத்திரி ரயிலில் நான் இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிடக் கழிவறைக்கு வெளியே வரிசையில் நின்ற நேரம் அதிகம். சர்க்கரைக்குப் பதில் மால்ட்டிடால் போட்டிருந்தார்கள். கொஞ்சம் அதிகமானால் வயிற்றைக் கலக்கிவிடும். பேதி ஆகலாம் என்று உறையிலேயே எச்சரிக்கை இருந்தது. அதோடு, அது ரத்தச் சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது என்பதும் இல்லை; சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும். கொழுப்பும் கலோரியும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 5.9-க்கு உங்களுக்கு இது தேவையில்லை. வீட்டுக்காரர் பர்மா பஜார் போனால் போகட்டும், வெளிநாட்டுச் சரக்கு எதை வாங்கினாலும் இறக்குமதி செய்தவரின் ஸ்டிக்கர், உணவுத் துறை உரிம எண், காலாவதித் தேதி மூன்றும் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கப்பலிலும் கொட்டகையிலும் வெயிலில் கிடந்த சாக்லேட்டுக்கு விலை குறைவாகத்தான் இருக்கும்.

வெல்லம், கருப்பட்டி, தேங்காய்ச் சர்க்கரை போட்ட சாக்லேட்டும் வருகிறது. ருசிக்காக வாங்கலாம். ரத்தத்துக்குள் போனால் எல்லாம் சர்க்கரைதான்.

இனி இரும்பு. டார்க் சாக்லேட்டில் இரும்பு இருப்பது உண்மை. 100 கிராமில் 12 மில்லிகிராம் அளவு. உங்கள் 10 கிராமில் ஒரு மில்லிகிராம் சொச்சம். அதையும் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது. கோகோவின் அதே துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டீயும் அதைத்தான் செய்கிறது. டீயைக் குறையுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இரண்டாவது காரணம் இதுதான். இரும்பு மாத்திரைக்கும் டீ, சாக்லேட்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். மட்டன் கடையில் சுவரொட்டி (மண்ணீரல்), ஈரல் கிடைத்தால் வாரம் ஒரு நாள் வாங்குங்கள். முருங்கைக்கீரை வைத்தால் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 9.8 என்பது சாக்லேட்டால் ஏறுகிற அளவு அல்ல. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 44 வயதில் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம், இதை நிறைய பேர் சொல்வதில்லை. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை இருந்தால் மூன்று மாத சர்க்கரை அளவு உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை என்பார்கள், உங்கள் 5.9 அதன் தொடக்கத்தில் நிற்கிறது. அதனால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பார்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் ஏறிய பிறகு மூன்று மாதச் சோதனையை மறுபடி எடுத்தால் தெளிவாகத் தெரியும். அதற்குள் பயந்து சாக்லேட்டைத் தலைமுழுக வேண்டாம். அலட்சியமும் வேண்டாம்.

10 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோகோ மரம் மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இழுக்கும். கொட்டை காயும்போது தூசியோடு காரீயம் ஒட்டும். அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் அமைப்பு 2022 டிசம்பரில் 28 டார்க் சாக்லேட் பார்களைச் சோதித்தது. தினம் 28 கிராம் சாப்பிட்டால், அவற்றில் 23-இல் காரீயமோ காட்மியமோ கலிபோர்னியா மாநிலத்தின் கடுமையான வரம்பைத் தாண்டியது. பயமுறுத்தச் சொல்லவில்லை, ஒரே பிராண்டைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தினசரி டார்க் வேண்டாம். உங்களோடு தைக்கும் பெண்களில் யாருக்காவது சிறுநீரகக் கல் வந்திருந்தால் அவருக்குப் பங்கு கொடுக்காதீர்கள். கோகோவில் கல் உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உள்ளவர்களுக்கும் ஒத்துவராது.

வெயில் காலத்துக்கு ஒரு மாற்று சொல்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், கொட்டை எடுத்த சின்னப் பேரீச்சம்பழம் 8, சர்க்கரை சேர்க்காத கோகோ தூள் 2 மேஜைக் கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. வேர்க்கடலையை மட்டும் முதலில் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களி ஆகிவிடும். ரவை பதம் வந்ததும் மற்றதைப் போட்டு இரண்டு சுற்று. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னொரு பேரீச்சை. 15 உருண்டை வரும், ஒன்றுக்கு 50 கலோரி போல. பேரீச்சையிலும் இனிப்பு உண்டு, ஆகவே நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

கடைசியாக அந்த வெள்ளைப் பூச்சு. விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று உருகி மறைந்தால் அது கொழுப்பு. மதியச் சூட்டில் இளகி மேலே வந்து, ராத்திரி இறுகியிருக்கிறது. சொரசொரவென்று மணல் போல இருந்தால் சர்க்கரை; ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்து வைத்ததில் ஈரம் பட்டுப் பூத்தது. இரண்டையும் சாப்பிடலாம், ருசிதான் கொஞ்சம் செத்துப்போயிருக்கும். பஞ்சு மாதிரி முளைத்திருந்தாலோ ஊசல் வாடை அடித்தாலோ மட்டும் தூக்கிப் போடுங்கள். சித்திரை, வைகாசியில் இஸ்திரிப்பெட்டி ஓடும் கடையில் சாக்லேட் தாங்காது. அந்த இரண்டு மாதம் கடைக்கு உருண்டை கொண்டு போங்கள். சாக்லேட்டை வீட்டு ஃப்ரிட்ஜில், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் மீன் குழம்பு வாடையைப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் இரண்டு கட்டத்தை வெளியே எடுத்து, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை விட்டுவிட்டுப் பிறகு வாயில் போடுங்கள். ஃப்ரிட்ஜ் சில்லிப்போடு தின்றால் கோகோவின் மணமே தெரியாது.